நாகர்கோவில்ல இருந்தே சாஃப்ட்வேர் கம்பெனி நடத்த முடியுமா? கேட்டதும் சொன்னதும்

பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டரைத் தொட்டு ஆரம்பிச்சவன். இப்ப நாகர்கோவில்ல சின்னதா ஒரு கம்பெனி. வியாபாரிகளுக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்றோம். நம்ம மாவட்டத்துக்காரங்க அனுப்பின கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டேன். கம்பெனி பேரைக் கேக்காதீங்க, விளம்பரம்னு சொல்லிடுவாங்க.

தக்கலை, ப்ளஸ் டூ மாணவர்: அண்ணா, நீங்க முதல்ல தொட்ட கம்ப்யூட்டர் எது?

பிபிசி மைக்ரோ. 1984ல மத்திய அரசு 'கிளாஸ்'னு ஒரு திட்டம் கொண்டு வந்து பள்ளிகளுக்குக் கொடுத்த மெஷின். மெமரி 32 கேபி. கேபி தான் மக்கா, எம்பி இல்ல. படம் தெளிவா வரணும்னு மோடு 0 போட்டா திரைக்கே 20 கேபி போயிடும். மிச்சத்துல தான் ப்ரோக்ராம், டேட்டா எல்லாம். எழுத்து மட்டும் வர்ற மோடு 7க்கு 1 கேபி போதும். அதனால பந்து விளையாட்டு எழுதினாலும் மோடு 7ல தான். பந்துக்குப் பதிலா 'ஓ' எழுத்து துள்ளிக்கிட்டுப் போகும். அதைப் பாக்க மத்த கிளாஸ் பிள்ளைங்க ஜன்னல்ல நிப்பாங்க.

குழித்துறை, ஒரு அம்மா: மகனுக்குப் பத்து வயசு. கோடிங் கிளாஸ்ல சேக்கட்டுமா?

அவன் கேட்டானா, நீங்க ஆசைப்படுறீங்களா அக்கா? ஸ்க்ராட்ச்னு ஒண்ணு இருக்கு, கட்டங்களை அடுக்கியே பிள்ளைங்க ப்ரோக்ராம் செய்யலாம், இலவசம். வீட்டு லேப்டாப்ல போட்டுக் கொடுங்க. யாரும் சொல்லாம அவனே நோண்டினா அப்புறம் ஃபீஸ் கட்டலாம்.

அருமனை, பி.எஸ்சி. மாணவி: முதல் கஸ்டமர் எப்படிக் கிடைச்சாங்க சார்?

உங்க ஊர்ப் பக்கம் தான்மா. ரப்பர் பால் வாங்குற ஒரு வியாபாரி. தொண்ணூறுகள்ல, ஃபாக்ஸ்ப்ரோங்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் இருந்த காலம். 'எடையை விலையால பெருக்கினா பில்லு, ரெண்டு நாள் வேலை'ன்னு நினைச்சு தான் யாரும் போவாங்க. கடையில உக்காந்து பாத்தா தான் விஷயம் தெரியும்.

பாலுக்கு எடையை வச்சு காசு கிடையாது. அதுல எவ்வளவு ரப்பர் இருக்குங்கிறதுக்குத் தான் காசு. அதை டிஆர்சின்னு சொல்லுவாங்க. பெரும்பாலும் 30-லிருந்து 40 சதவீதம் வரை இருக்கும், மழை பெய்ஞ்சா இறங்கிடும். ஒவ்வொரு கேன்லயும் கொஞ்சம் சாம்பிள் எடுத்து, ஆசிட் விட்டு உறைய வச்சு, அழுத்தி, உலர்த்தி, திரும்ப எடை போடணும். ரிசல்ட் வர்றப்ப பால் கொண்டு வந்தவர் வீட்டுக்குப் போயிருப்பார், கையில அட்வான்ஸோட. இதுக்குள்ள ரப்பர் விலை ஏறியிருக்கும், இல்லாட்டி இறங்கியிருக்கும். அப்ப பில்லுல எந்த நாள் விலை? மரத்துலயும் சிரட்டையிலயும் ஒட்டிக் காய்ஞ்ச ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. சில தோட்டத்துல உடமைக்காரருக்கும் பால் வெட்டுறவருக்கும் பணத்தைப் பிரிச்சு எழுதணும். அட்வான்ஸ் யார் பங்குல கழியும்?

இதுக்கெல்லாம் அந்தக் கடைக் கணக்கப்பிள்ளைக்கு பதில் தெரியும். நோட்டுல இருக்காது, அவர் வாயில தான் இருக்கும். நான் அவர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து ஒவ்வொண்ணா எழுதி எடுத்தேன். பில்லு சரியா வந்ததும் பக்கத்துக் கடைக்காரர் தானா வந்தார். எங்க கம்பெனிக்கு ஆரம்பத்துல வந்த கஸ்டமர் எல்லாம் இப்படித் தான். லாங்வேஜ் எது படிக்கணும்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, எதுவா இருந்தாலும் கொள்ளாம். வீட்ல ரப்பரோ முந்திரியோ வள்ளமோ இருந்தா அந்தக் கணக்கு உங்களுக்குப் பாதி தெரிஞ்சிருக்கும். பெங்களூர்க்காரனுக்குத் தெரியாது.

மார்த்தாண்டம், டெக்னோபார்க் (திருவனந்தபுரம் ஐடி பூங்கா) ஊழியர்: தினம் கழக்கூட்டம் போய்ட்டு வர்றேன். வேலையை விட்டுட்டு சொந்தமா ஆரம்பிக்கட்டுமா?

உடனே விடாதீங்க தம்பி. டெக்னோபார்க் 1990ல வந்ததுல இருந்து நம்ம பிள்ளைகளுக்கு அது பெரிய பட்டறை. அடுத்தவங்க எழுதின கோடைப் படிக்கவும், ரிலீஸ் அன்னைக்கு பதறாம இருக்கவும் அங்க தான் பழக முடியும். காசு தர்ற கஸ்டமர் ஒருத்தர் கைக்கு வந்த பிறகு யோசிங்க. சைடுல செய்றதா இருந்தா ஆபர் லெட்டரை எடுத்துப் படிங்க, வெளி வேலைக்குத் தடை இருக்கும்.

வடசேரி, ஃப்ரீலான்சர்: பிரைவேட் லிமிடெட் பதிவு பண்ணணுமா?

தனியா செய்றவருக்கு முதல் நாளே வேண்டாம். அதுக்குக் குறைஞ்சது ரெண்டு டைரக்டர் வேணும், வரவே இல்லாட்டியும் வருஷா வருஷம் ஆடிட் உண்டு. ஒரு சேர்த்தாளி இருந்து, பங்கு பிரிக்கிற பேச்சு வந்தா பதிவு பண்ணுங்க. ஜிஎஸ்டி, நம்ம தமிழ்நாட்டுல சேவைக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா கட்டாயம். ஜிஎஸ்டி எடுத்தவங்க வெளிநாட்டு கிளையன்டுக்கு வரி இல்லாம பில் போட, ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடிங்கிற உறுதிமொழிக் கடிதம் தாக்கல் பண்ணணும். மீதியை ஆடிட்டர்கிட்ட கேளுங்க.

கொல்லங்கோடு, சிறு கம்பெனி நடத்துபவர்: வேலை முடிச்சுக் கொடுத்து ஆறு மாசம். 'அடுத்த வாரம்'ங்கிறாங்க. என்ன செய்ய?

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இருக்கா? இலவசம் தான், ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்காதீங்க. 2006 எம்எஸ்எம்இடி சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு 15 நாள்ல பணம் தரணும்; எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினா ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு, கூட்டு வட்டி. ஆனா பதிவு வேலைக்கு முன்னாடியே இருக்கிறது தான் பாதுகாப்பு. முதல்ல மரியாதையா ஒரு மெயில், வட்டிக் கணக்கோட. பெரும்பாலும் அதுலயே அக்கவுண்ட்ஸ்காரர் கூப்பிட்டுடுவார்.

அடுத்த தடவை பாதிப் பணம் கைக்கு வராம லேப்டாப்பைத் திறக்காதீங்க. சொந்தக்காரரா இருந்தா முழுசும்.

கோட்டார், ஒருவர்: பிள்ளைங்களைப் பழக்கி விட்டா ரெண்டு வருஷத்துல பெங்களூர் போயிடுறாங்களே?

போகட்டும் அண்ணாச்சி, நாமளும் அந்த வயசுல போகத் துடிச்சவங்க தானே. போறவன் எழுதினது அடுத்தவனுக்குப் புரியுதான்னு போற மாசத்துக்கு முன்னாடியே பாத்துக்கோங்க. குழந்தை பிறந்ததும் ஊருக்கு வரலாமான்னு கேட்டு போன் வரும். எங்ககிட்ட சீனியரா இருக்கிறவங்க பாதிப் பேர் அப்படி வந்தவங்க.

குளச்சல், இன்ஜினியரிங் மாணவர்: ஏஐ தான் கோடு எழுதுதே, இனி நாங்க எதுக்கு?

எழுதுது, நல்லாவே எழுதுது. நாங்களும் தினம் பயன்படுத்துறோம். பால் கேனுக்கு எந்த நாள் விலைன்னு அதுகிட்ட கேட்டா ஒரு பதிலை உறுதியாச் சொல்லும். அது அந்தக் கடைக்குச் சரியான்னு பாக்க ஆள் வேணும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க நான் ரெடி.

ஒருவர், ஊர் சொல்லல: நீங்க இன்னும் கோடு எழுதுறீங்களா?

சனிக்கிழமைல எழுதுவேன். மத்த நாள் கொட்டேஷன், சம்பளம், ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஏசி மெக்கானிக். போன வாரம் அனுப்பினதை எங்க ஆபீஸ் பிள்ளை ரிவ்யூல திருப்பி அனுப்பிட்டா, 'வேரியபிள் பேரு புரியல சார்'னு. இன்னும் சரி பண்ணிக் கொடுக்கல.