கடவுச்சொல்லை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டுமா?

எல்லா இணையக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா, மாற்றும்போது பிறர் கண்டுபிடிக்க முடியாத ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நாள் குறித்து வைத்துக்கொண்டு மாற்ற வேண்டிய தேவை இல்லை என்பதே என் பதில். ஆனால் ஒரே கடவுச்சொல் இரண்டு கணக்குகளில் இருந்தால், அதை இன்றைக்கே மாற்றுங்கள். பயனர் கணக்குகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பதால், பறிபோன கணக்கை மீட்டுத் தரச் சொல்லி வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கடவுச்சொல் பழையதாகிவிட்டதால் கணக்கை இழந்தவர் என்று அவர்களில் யாரையும் சொல்ல முடியாது. அதே கடவுச்சொல்லை வேறொரு தளத்திலும் கொடுத்திருந்ததால் இழந்தவர்களே அதிகம்.

காலக்கெடு வைத்து மாற்றும் வழக்கம் பரவியதற்கு அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2003-இல் வெளியிட்ட ஒரு வழிகாட்டி முக்கியக் காரணம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்திருக்க வேண்டும், அவ்வப்போது மாற்ற வேண்டும் என்ற விதிகளைப் பல அலுவலகங்களும் வங்கிகளும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டன. அதை எழுதிய பில் பர், அந்த அறிவுரைகளில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017-இல் ஒரு செய்தித்தாளிடம் சொன்னார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் தன் வழிகாட்டியைத் திருத்தி, கடவுச்சொல் வெளியானதற்கான அறிகுறி இருந்தால் தவிர, பயனரைக் கட்டாயப்படுத்தி மாற்றவைக்கக் கூடாது என்று எழுதியது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து காலக்கெடு விதியை நீக்கிவிட்டது.

கட்டாயப்படுத்தும்போது மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனித்தால் காரணம் புரியும். முற்றிலும் புதிய ஒன்றை யோசிப்பதற்குப் பதிலாக, கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குகிறார்கள், அல்லது மாதத்தின் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும் என்ற விதியின் கீழ் இருந்த பழைய கணக்குகளின் கடவுச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். பழைய கடவுச்சொல் கையில் இருந்தால், 17 சதவீதக் கணக்குகளில் அடுத்த கடவுச்சொல்லை ஐந்து முயற்சிகளுக்குள் ஊகித்துவிட முடிந்தது. திருடியவனிடம் பழையது இருக்கும்போது அவனைத் தடுப்பதற்காகவே புதியதை வைக்கிறோம். அந்த ஒரு வேலையைக் கூட இப்படிப்பட்ட மாற்றம் செய்வதில்லை.

ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைப்பது ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் யாரோ ஒருவர் நம்மைக் குறிவைத்து உட்கார்ந்து ஊகிக்கிறார் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடப்பது வேறு. ஏதோ ஒரு தளத்தின் தரவுத்தளம் மொத்தமாகத் திருடப்படுகிறது. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் இப்படி வெளியாயின. அவை எந்த மறையாக்கமும் இல்லாமல் அப்படியே சேமிக்கப்பட்டிருந்தன, அவற்றில் ஏறத்தாழ 2.9 லட்சம் பேர் 123456 என்றே வைத்திருந்தார்கள். இப்படிக் கிடைக்கும் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் ஜோடியாக எடுத்து, மின்னஞ்சல், வங்கி, சமூக ஊடகம், இணையக் கடை என்று நூற்றுக்கணக்கான தளங்களில் நிரல்கள் தாமாகவே முயன்று பார்க்கும். நீங்கள் யார் என்பது அந்த நிரலுக்குத் தேவையில்லை. 2012-இல், கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் கணக்குக்குள்ளேயே திருடப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டு நுழைந்தார்கள். பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் இருந்த ஆவணம் அதில் இருந்தது. தொழிலாகவே பாதுகாப்பைப் பார்ப்பவர்கள் இருக்கும் இடத்திலும் இதுதான் நிலைமை. எப்போதோ ஒருமுறை கணக்குத் தொடங்கி மறந்துபோன ஒரு சிறிய தளத்தின் அலட்சியம் உங்கள் மின்னஞ்சலைப் பறித்துவிட முடியும் என்பதால்தான், ஒரு கணக்குக்கு ஒரு கடவுச்சொல் என்பதை மற்ற எல்லா விதிகளுக்கும் மேலாக வைக்கிறேன்.

அடுத்தது நீளம். பொறுப்பான தளங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் ஹேஷ் எனப்படும், திரும்பப் பழையபடி ஆக்க முடியாத மாற்றிய வடிவில் வைக்கின்றன. அந்தத் தரவு திருடு போனால், ஒவ்வொரு சாத்தியத்தையும் ஹேஷாக மாற்றி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் மட்டும் கொண்ட எட்டெழுத்துக் கடவுச்சொற்கள் மொத்தம் சுமார் 20,900 கோடி. கேட்கப் பெரிய எண்தான். ஆனால் தளம் எம்டி5 போன்ற பழைய ஹேஷ் முறையைப் பயன்படுத்தியிருந்தால், சக்திவாய்ந்த ஒரு கிராபிக்ஸ் கார்டு அத்தனையையும் சில நொடிகளில் முயன்று முடித்துவிடும். எந்தத் தளம் எந்த முறையில் சேமிக்கிறது என்று நமக்குத் தெரியாது என்பதால், மோசமான நிலையை எண்ணியே முடிவெடுக்க வேண்டும். ஆங்கில ‘e’ வர வேண்டிய இடத்தில் 3, ‘o’ வர வேண்டிய இடத்தில் பூஜ்யம், இறுதியில் ஓர் ஆச்சரியக்குறி என்று மாற்றுவது அதிகம் உதவாது. ஊகிக்கும் நிரல்கள் இந்த மாற்றங்களை எல்லாம் விதிகளாகவே வைத்திருக்கின்றன. பிள்ளைகளின் பெயர், பிறந்த ஆண்டு, வண்டி எண் ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அப்படியென்றால் ஐம்பது கணக்குகளுக்கு ஐம்பது நீண்ட கடவுச்சொற்களை யார் நினைவில் வைப்பது? யாரும் வைக்க வேண்டாம். அதற்குத்தான் பாஸ்வேர்டு மேனேஜர் செயலிகள் இருக்கின்றன. இருபது எழுத்தில் பொருளற்ற ஒரு கலவையை அதுவே உருவாக்கி, பூட்டி வைத்து, உரிய தளத்தில் மட்டும் நிரப்பும். அந்த ‘உரிய தளத்தில் மட்டும்’ என்பதற்குத் தனி மதிப்பு உண்டு: வங்கியின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி வைத்த போலித் தளத்துக்கு நீங்கள் வந்துவிட்டால், உங்கள் கண் ஏமாந்தாலும் செயலி முகவரியை ஒப்பிட்டுப் பார்த்து நிரப்ப மறுத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதா என்ற தயக்கம் நியாயமானதே. 2022-இல் இத்தகைய செயலியை வழங்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களே பிரதியெடுத்துத் திருடப்பட்டன. அப்போதும் அவற்றின் கடவுச்சொற்கள் மறையாக்கப்பட்டே இருந்தன. பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை வலுவாக வைத்திருந்தவர்களுக்கும் எளிதாக வைத்திருந்தவர்களுக்கும் ஆபத்து ஒன்றல்ல. ஆகவே உங்கள் முழுக் கவனத்தையும் அந்த முதன்மைக் கடவுச்சொல்லின் மேல் செலுத்துங்கள்.

அதற்கு நான் பரிந்துரைப்பது டைஸ்வேர் என்ற முறை. 1995-இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு உருவாக்கியது. 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கும். பகடையை ஐந்து முறை உருட்டினால் கிடைக்கும் ஐந்து இலக்க எண்ணுக்கு எதிரே இருப்பது உங்கள் முதல் சொல். இப்படி நான்கு சொற்களைச் சேர்த்தால் சுமார் 3,650 லட்சம் கோடி சாத்தியங்கள். ஆறாக்கினால் அதற்கும் ஆறு கோடி மடங்கு. ஆறு வையுங்கள். சொல் பிடிக்கவில்லை என்று மாற்றிக்கொள்ளக் கூடாது, ஏனெனில் மனம் தேர்ந்தெடுக்கும் சொற்களில் எப்போதும் ஓர் ஒழுங்கு இருக்கும். பாடல் வரியும் குறளும் கூட அதனால்தான் ஏற்றவை அல்ல. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி வைக்க விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ழகரத்தையும் நெடிலையும் அன்று எப்படி எழுதினோம் என்பது ஆறு மாதம் கழித்து மறந்துவிடும். தமிழ் எழுத்துகளிலேயே வைக்கலாமா என்றால், பல தளங்கள் ஏற்பதில்லை, அவசரத்துக்கு வேறொரு கணினியில் நுழையும்போது தமிழ் விசைப்பலகை இருக்காது.

மாற்ற வேண்டிய நேரங்கள் சில உண்டு. தளமே தரவுக் கசிவை அறிவித்தால், சந்தேகமான இணைப்பில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால், கணினியில் வைரஸ் இருந்தது தெரிந்தால், பிறரிடம் சொல்லியிருந்தால் உடனே மாற்றுங்கள். பாதுகாப்பு ஆய்வாளர் டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்டு’ தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், அது எந்தெந்தக் கசிவுகளில் இருக்கிறது என்று காட்டும்.

மாற்றும்போது மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள். மற்ற கணக்குகளின் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்ற இணைப்பு அங்கேதான் வந்து சேரும் என்பதால், அது வீட்டின் சாவிக்கொத்து போன்றது. வைரஸ் சந்தேகம் இருந்தால் அதே கணினியில் மாற்றக் கூடாது; புதியதும் உடனே அவர்களிடம் போய்விடும். புதியதை வைத்த கையோடு எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள், ஏனெனில் ஏற்கெனவே உள்ளே இருப்பவனைப் புதிய கடவுச்சொல் எல்லாத் தளங்களிலும் வெளியேற்றிவிடாது. பிறகு அமைப்புகளுக்குள் சென்று மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். கடைசியாக, அஞ்சல்களை வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். பலர் விட்டுவிடும் இடம் இது: கடவுச்சொல்லை மாற்றி நிம்மதியாக இருப்பார்கள், வங்கியிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதமும் அந்த விதியின் வழியே வெளியே போய்க்கொண்டிருக்கும்.

கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை மின்னஞ்சலுக்கும் பணம் சம்பந்தப்பட்ட கணக்குகளுக்கும் கட்டாயம் போட்டுவிடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைவிட, கைப்பேசியிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலி மேலானது, ஏனெனில் உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் மோசடி நடக்கிறது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் சாதனத்தில் இருக்கும் மின்னணுச் சாவியால் நுழையவைக்கும் பாஸ்கீ வசதியைத் தளம் தந்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். போலித் தளத்தில் தட்டிக் கொடுக்க அதில் எதுவுமே இல்லை. இவற்றை அமைக்கும்போது தளம் தரும் மீட்புக் குறியீடுகளைக் கைப்பேசியில் படமாக வைக்காமல், தாளில் எழுதி முக்கிய ஆவணங்களோடு வையுங்கள். கைப்பேசி தொலைந்தால்தான் அவை தேவைப்படும்.