நியூசிலாந்தில் கேம்பர்வேன் ஓட்டப் 'பத்தாண்டு இன்டர்நேஷனல் லைசென்ஸ்' வேண்டுமா?

தக்கலைக்கு அருகிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எனக்கு வயது 58. வரும் நவம்பர் மாதம் மனைவி, தம்பி, தம்பி மனைவி ஆகியோருடன் நியூசிலாந்தின் தென்தீவில் 15 நாள்கள் கேம்பர்வேனில் சுற்றத் திட்டமிட்டிருக்கிறோம். என்னிடம் கார் லைசென்ஸ் மட்டுமே இருக்கிறது. இவ்வளவு பெரிய வேனை ஓட்ட ஹெவி லைசென்ஸ் வேண்டும் என்றும், அது இல்லாவிட்டால் பத்தாண்டு செல்லுபடியாகும் இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்தால் சமாளித்துவிடலாம் என்றும் நாகர்கோவிலில் ஓர் ஏஜென்ட் சொல்கிறார். விசாவுக்கு வழி சொல்வதையும் சேர்த்து 14,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம். அவர் சொன்ன இரண்டுமே தவறு.

முதலில் ஹெவி லைசென்ஸ் பயத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் சாதாரணக் கார் உரிமத்தைக் கொண்டு மொத்த எடை 6,000 கிலோ வரையுள்ள வண்டியை ஓட்டலாம். நம் நாட்டில் இலகுரக வாகன உரிமத்துக்கான வரம்பு 7,500 கிலோ. நான்கு பேர் படுத்துறங்கும் வாடகை வேன்கள் இந்த இரண்டு வரம்புக்கும் உள்ளேதான் வருகின்றன. சமையலறை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்து வண்டி நம் ஊர் மினி பேருந்து அளவுக்குத் தோன்றும் என்பது உண்மை. ஆனால் சட்டம் பார்ப்பது எடையைத்தான், தோற்றத்தை அல்ல. வண்டியின் எடை 3,500 கிலோவைத் தாண்டினால், மற்றவர்கள் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சாலையிலும் நீங்கள் 90-ஐத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

அடுத்தது இன்டர்நேஷனல் லைசென்ஸ். உரிமம் ஆங்கிலத்தில் இல்லாவிட்டால்தான், சுற்றுலாப் பயணியிடம் மொழிபெயர்ப்போ பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோ இருக்க வேண்டும் என்கிறது நியூசிலாந்துச் சட்டம். தமிழ்நாட்டு அட்டை ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டது. ஆகவே உங்களுக்கு அந்த அனுமதி சட்டப்படி தேவையே இல்லை. உரிமம் நடப்பில் இருக்க வேண்டும், அட்டை கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கைபேசியில் டிஜிலாக்கரைத் திறந்து காட்டுவது களியக்காவிளைச் சோதனையில் போதுமாக இருக்கலாம். அங்கே அதை நம்பிப் போகாதீர்கள்.

ஏஜென்ட் விற்கும் அந்தப் 'பத்தாண்டு' அட்டையை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒருவர் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். வழவழப்பான பிளாஸ்டிக் அட்டை, பின்னணியில் பூமி உருண்டை, பொன்னிற எழுத்து, மூலையில் ஒளிரும் ஒட்டுப்படம். வழங்கிய அலுவலகத்தின் பெயரும் இல்லை, அதிகாரியின் பதவியும் இல்லை. ஏதோ ஒரு சங்கத்தின் முத்திரை மட்டும் இருந்தது. உண்மையான அனுமதி அட்டையே அல்ல, சிறு புத்தகம். இந்தியா ஒப்புக்கொண்டிருக்கும் 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி அதன் ஆயுள் அதிகபட்சம் ஓராண்டு. 1968-ஆம் ஆண்டின் மற்றோர் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில்கூட மூன்றாண்டுக்கு மேல் போகாது. எனவே 'பத்தாண்டு' என்ற சொல் காதில் விழுந்த உடனே எழுந்து வந்துவிடலாம். அந்த அட்டையை வாடகை அலுவலகத்தில் நீட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காவலரிடம் நீட்டினால், இல்லாத சந்தேகத்தை நீங்களே கிளப்பியவர் ஆவீர்கள்.

சில வாடகை நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளில் பன்னாட்டு அனுமதியையும் கேட்பதுண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி இருந்தால் அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். மத்திய அரசின் 'சாரதி' இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்து, உங்கள் உரிம எண் டி.என். 74 என்று தொடங்கினால் நாகர்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், 75 என்றால் மார்த்தாண்டத்திலும் விசாரித்துப் பெற வேண்டியதுதான். இதற்கு மருத்துவச் சான்றும் விசாவும் தேவையில்லை என்று மத்திய அரசு 2021 ஜனவரியிலேயே விதியைத் திருத்திவிட்டது. இருந்தும் 'டாக்டர் சர்டிபிகேட்' இல்லாமல் கோப்பு நகராது என்று சொல்லி 500 ரூபாய்க்கு அதை வாங்கிக் கொடுக்கிற கூட்டம் இன்னும் தொழில் நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. திருத்தம் வந்ததைச் சன்னலுக்கு உள்ளே இருப்பவர் சொல்வதில்லை, வெளியே நிற்பவர் சொல்ல விடுவதில்லை. இணையதளமோ ஓ.டி.பி. அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு உறங்கிவிடும். மூன்று முறை முயன்று சலித்துப்போன மனிதர்தான் நான்காவது முறை வேப்பமரத்தடியில் ஏஜென்டைத் தேடிப் போகிறார். ஆயிரம் ரூபாய் வேலை ஆயிரம் ரூபாயிலேயே முடிய வழி செய்துவிட்டால் இந்தப் பதிலை நான் எழுத வேண்டியதே இல்லை.

உங்கள் வயதுக்கு ஒரு செய்தி. 55 வயதுக்கு மேல் உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். காலாவதி நாளுக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். உங்கள் அட்டையில் முடிவு நாள் பயணத்துக்கு அருகில் விழுந்தால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். மருத்துவச் சான்று கேட்கப்படுவது இந்தப் புதுப்பித்தலுக்குத்தான். இரண்டையும் வேண்டுமென்றே குழப்பித்தான் அந்த 500 ரூபாயைக் கறக்கிறார்கள்.

இனி, நம் ஊர்க்காரர்களை உண்மையிலேயே கவிழ்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். அது லைசென்ஸின் வகையில் இல்லை, அதிலுள்ள பெயரில் இருக்கிறது. நாம் தலைப்பெழுத்து வைத்துக்கொள்ளும் மக்கள். உரிமத்தில் 'செல்லத்துரை த' என்று இருக்கும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருப்பதால் அப்பாவின் பெயர் விரிந்து 'செல்லத்துரை தங்கையா' ஆகியிருக்கும். வங்கி அட்டையில் இடம் போதாமல் 'த செல்லத்துரை' என்று வந்திருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கிறைஸ்ட்சர்ச்சில் கவுன்டரில் நிற்கும் இளம்பெண்ணுக்கு மூன்றும் மூன்று பேர். 2018-இல் நானே அப்படி நின்றேன். அவர் உரிமத்தையும் கடவுச்சீட்டையும் அருகருகே வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரலை ஓட்டி, அந்தத் தனி எழுத்தில் வந்து விரலை நிறுத்தினார். "இது என்ன?" என்றார். "என் அப்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை, மேலாளரை அழைத்தார். எனக்கு முன்னர் வந்தவர்கள், பின்னர் வந்தவர்கள் எல்லோரும் சாவி வாங்கிக்கொண்டு போக, பிறந்த நாளும் படமும் ஒத்துப்போகின்றன என்று மேலாளர் ஒப்புக்கொண்டு என்னை விடுவிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பன்னாட்டு அனுமதி எடுத்தால் இந்தச் சிக்கல் தீரும் என்று எண்ண வேண்டாம். உரிமத்திலிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் அதையும் எழுதுகிறார்கள். ஆகவே உங்கள் உரிமத்தில் தலைப்பெழுத்தும் கடவுச்சீட்டில் விரிந்த பெயரும் இருந்தால், கடவுச்சீட்டில் உள்ளபடியே உரிமத்தில் பெயரைத் திருத்த 'சாரதி'யிலேயே விண்ணப்பியுங்கள். அதற்குக் காலம் இல்லாவிட்டால், இரண்டின் நகலையும் வாடகை நிறுவனத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பி, ஏற்றுக்கொள்கிறோம் என்ற பதிலை எழுத்தில் வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பியும் ஓட்டப்போகிறார் என்றால் அவருக்கும் இதே சோதனை உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பவர்கள் விமானச் சீட்டிலும் வேன் முன்பதிவிலும் ஒரே முறையில் பெயரைத் தந்தால் போதும்; ஓரிடத்தில் ஒரு பெயரை இரண்டு முறை எழுதிவிட்டு, இன்னோரிடத்தில் புள்ளி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வங்கி அட்டையைச் சொன்னேன் அல்லவா, அதையும் முடித்துவிடுகிறேன். அடிப்படைக் காப்பீட்டோடு வண்டி எடுத்தால், பல ஆயிரம் நியூசிலாந்து டாலரைப் பிணைத்தொகையாக உங்கள் அட்டையில் பிடித்து வைப்பார்கள். அது ஓட்டுநர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டாக இருக்க வேண்டும் என்பதே பொதுவான நிபந்தனை. பயணத்துக்கென்று வங்கியில் விற்கும் ஃபாரெக்ஸ் கார்டு கடையில் காப்பி வாங்க உதவும். பிணைத்தொகைக்குப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். உங்கள் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா, வரம்பு போதுமா என்று புறப்படும் முன் பாருங்கள். பிணைத்தொகையைக் குறைக்க நாள் வாடகையோடு கூடுதல் காப்பீடு விற்பார்கள். வாங்கலாம், ஆனால் கூரை, அடிப்பாகம், கவிழ்ந்த வண்டி ஆகியவை அதில் அடங்குகின்றனவா என்று அந்தப் பொடி எழுத்தைப் படித்த பிறகு வாங்குங்கள். தடைசெய்த சாலையில் போனால் எந்தக் காப்பீடும் செல்லாது. குயின்ஸ்டவுனுக்கு அருகிலுள்ள ஸ்கிப்பர்ஸ் சாலை அப்படிப்பட்டது. வண்டி டீசல் என்றால் ஓடிய கிலோமீட்டருக்குச் சாலை வரி தனியாக உண்டு. வாடகையை ஒப்பிடும்போது அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஓட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இரண்டு வார்த்தை மட்டும். ஆடிக் காற்றில் முப்பந்தல் வழியாக உயரமான வண்டியை ஓட்டியவருக்குக் கேன்டர்பரிச் சமவெளியின் வடமேற்குக் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: வேகத்தைக் குறைத்து, இரு கைகளாலும் பிடியுங்கள். தென்தீவில் ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய. நம் சானல் (கால்வாய்) பாலங்களில் முந்தி வந்தவர் முந்திப் போவார். அங்கே பலகைதான் முடிவு செய்யும். சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் திசை அம்பு சிறியதாகவும் சிவப்பாகவும் இருந்தால் நின்று வழிவிட வேண்டும்.

விசாவையும் பார்த்துத் தருகிறேன் என்று அந்த ஏஜென்ட் சொன்னதற்கு ஒரு பதில். நியூசிலாந்துக் குடிவரவு ஆலோசனையைக் காசுக்கோ இலவசமாகவோ சொல்பவர் அந்நாட்டின் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றவராகவோ விலக்குப் பெற்றவராகவோ இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு மாணவர் விசாவுக்கு மட்டும் ஆலோசனை சொல்பவருக்கு விலக்கு உண்டு, சுற்றுலா விசாவுக்குச் சொல்பவருக்கு அந்த விலக்கு இல்லை. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அவர் பெயரை அதில் தேடிப் பாருங்கள்.

முகாம் தளத்துக்குப் போகாமல், அனுமதியுள்ள பொது இடங்களில் வேனிலேயே இரவு தங்கலாம் என்று நினைத்திருந்தால், நிலையாகப் பொருத்திய கழிப்பறையும், கழிவைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டி என்பதற்கான பச்சை நிறச் சான்றும் உள்ள வண்டியாகக் கேளுங்கள். அது இல்லாமல் தங்கினால் அபராதம் 400 டாலர். மார்த்தாண்டம் தேனை உறவினருக்கென்று பெட்டியில் வைக்காதீர்கள், அந்த நாட்டுக்குள் அது நுழைய முடியாது. அறிவிக்காமல் பிடிபட்டால் அதற்கும் 400 டாலர். நேந்திரம் சிப்ஸை அறிவித்துவிட்டுக் கொண்டுபோகலாம்.

இன்றே வாடகை நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். உரிமத்தின் இரு பக்கம், கடவுச்சீட்டின் முதல் பக்கம் ஆகியவற்றை இணைத்து இரண்டு கேள்விகள் போதும்: இந்த உரிமம் மட்டும் போதுமா, இந்தப் பெயர் வேறுபாடு ஏற்கத்தக்கதா? பதில் வரும்வரை ஏஜென்டுக்கு முன்பணம் எதுவும் தர வேண்டாம். கொடுத்திருந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் எந்த அலுவலகம் அந்தப் பத்தாண்டு உரிமத்தை வழங்குகிறது என்று அவரது கையெழுத்தில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்; அதைச் சொல்லியே முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.