அப்பாவின் கடை அவருக்குப் பின் தானாக என் பெயருக்கு வருமா? உயில் மட்டும் போதுமா? வக்கீல் வேண்டுமா?

தானாக வராது. உயில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டலாம். வக்கீல் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

அப்பாவிடம் உயில் பேச்சை எடுத்தால் “என்னை அனுப்பி வைக்க அவசரமா?” என்று சத்தம் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அதேதான். திண்டுக்கல்லில் அப்பா எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தார், தனி உரிமையாளராக. 2019 ஆகஸ்டில் மாரடைப்பு, அன்றே போய்விட்டார். அதன் பிறகு நானும் தம்பியும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். இது இந்து வாரிசுரிமைச் சட்டப்படி. நீங்கள் முஸ்லிம் அல்லது கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கணக்கு வேறு.

கடை என்று நாம் சொல்வது சட்டத்தின் கண்ணில் ஒரு பொருளே இல்லை. தனி உரிமைக் கடைக்கென்று தனி உயிர் கிடையாது. அப்பாதான் கடை, கடைதான் அப்பா. ஜிஎஸ்டி பதிவு அவருடைய பான் எண்ணில், நடப்புக் கணக்கு அவர் கையெழுத்தில், வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். அவர் கண்ணை மூடிய அன்று இவை எல்லாவற்றிலும் சிக்கல் தொடங்குகிறது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக. கம்பிச் சுருளும் ஸ்விட்ச் பெட்டியும் வாரிசுகளுக்கு வரும். பதிவும் உரிமமும் வராது.

எங்களுக்கு முதல் அடி வங்கியில் விழுந்தது. சப்ளையர்களுக்கு அப்பா வரப்போகும் தேதி போட்டுக் கொடுத்திருந்த செக்குகள் வரிசையாகத் திரும்பின. கணக்கில் பணம் இருந்தது, எடுக்கத்தான் ஆள் இல்லை. நடப்புக் கணக்குக்கு நாமினி போடவே இல்லை. தனி உரிமையாளர் கணக்குக்கும் நாமினி போடலாம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. இப்போது ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம், 2025 நவம்பரிலிருந்து. இதற்கு உங்கள் அப்பா கோபப்பட மாட்டார், ஒரு படிவம்தானே. நாளைக்கே வங்கிக்குக் கூட்டிப் போங்கள்.

ஆனால் நாமினி என்றால் சொந்தக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான். யாருக்கு எவ்வளவு என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோ தீர்மானிக்கும். வங்கி டெபாசிட் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2010இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. எங்கள் அப்பாவின் டெபாசிட்டுக்கு அம்மா நாமினி, வங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டது. அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை, ஏனென்றால் அப்பத்தா இருந்தார். உயில் இல்லாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. தந்தை அந்த வகுப்பில் இல்லை, தாய் உண்டு. ஆக அம்மா, நான், தம்பி, அப்பத்தா என்று ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் அப்பத்தா பெயரைப் பார்த்தும் நாங்கள் சும்மா இருந்தோம். எண்பது வயதுக்காரரிடம் போய்க் கையெழுத்துக் கேட்கச் சங்கடம். அவர் விரும்பித் தன் பங்கை அப்போதே பேரப்பிள்ளைகளுக்கு எழுதித் தந்திருந்தால், குடும்பத்துக்குள் எழுதும் பத்திரம் என்று முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 25,000 ரூபாயோடு போயிருக்கும். (2023 ஜூலையிலிருந்து அந்த உச்சவரம்பு 40,000.) எட்டு மாதத்தில் அப்பத்தாவும் போய்விட்டார். அவருடைய கால் பங்கு அத்தை, சித்தப்பா, இறந்துபோன மகனின் பிள்ளைகளான நாங்கள் என்று மூன்றாகப் பிரிந்தது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு! அத்தை மனமுவந்து தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். சித்தப்பா பணம் கேட்டார், கொடுத்தோம். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, சட்டப்படி அவருக்கு உரியதுதான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அப்பா உயில் எழுதித்தான் வைத்திருந்தார். கடை டைரியில் இரண்டு பக்கம், அழகான கையெழுத்தில், கீழே ஒப்பமும் போட்டு. சாட்சிகள் இல்லை. குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடாத உயில் செல்லாது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவுகூடக் கட்டாயமில்லை. செய்துவிடுவது நல்லது, பின்னால் யாராவது சந்தேகம் கிளப்பினால் கைகொடுக்கும். சாட்சிகள் மட்டும் இல்லாமல் முடியாது. அப்பாவைவிட வயதில் சின்னவர்களாகப் பாருங்கள். தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டியிருக்கும். பங்கு பெறுகிறவர்களைச் சாட்சியாகப் போடாதீர்கள்.

சென்னையில் சொத்து இருந்தால் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று) வாங்கியே ஆக வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அப்படிக் கட்டாயப்படுத்திய இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நீக்கிவிட்டார்கள். திண்டுக்கல் உயிலுக்கும் திண்டுக்கல் சொத்துக்கும் அது முன்பும் தேவைப்பட்டதில்லை.

அப்புறம் ஜிஎஸ்டி. இங்கே நாங்கள் பட்டது முட்டாள்தனமான நஷ்டம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடையைத் தொடர்ந்து நடத்தப் போகும் வாரிசு தன் பான் எண்ணில் புதுப் பதிவு எடுக்க வேண்டும். அப்பாவின் பதிவில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டி, பின்னால் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்) ஐடிசி-02 படிவம் வழியாகப் புதுப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் பழைய பதிவை ரத்து செய்ய விண்ணப்பம். 2019 மார்ச்சில் வந்த ஜிஎஸ்டி சுற்றறிக்கையே இந்த வரிசையைச் சொல்கிறது. எங்களுக்குப் பார்த்த ஆடிட்டர் “இறந்தவர் பெயரில் பதிவு இருக்கக் கூடாது” என்று பழையதை முதலில் ரத்து செய்துவிட்டார். வரவில் இருந்த ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த தொகை அப்படியே போச்சு. இன்னொன்று, கடையைத் தொடர்ந்து நடத்தினால் அப்பா காலத்து வரி பாக்கிக்கும் நீங்கள் பொறுப்பு. மூடிவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டும். தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் பாக்கி எவ்வளவு என்று பாருங்கள்.

கடன் நோட்டு தனிக் கதை. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருந்த பாக்கி, அப்பா கையெழுத்தில், பாதி சுருக்கெழுத்து. “மணி 4200” என்றால் எந்த மணி? ஊரில் ஆறு மணி இருக்கிறார்கள். உங்கள் அப்பா இருக்கும்போதே உட்கார்ந்து முழுப் பெயர், போன் நம்பர் எழுதி வாங்குங்கள்.

இதையெல்லாம் தவிர்க்க அப்பாவையும் உங்களையும் பங்குதாரராகப் போட்டுக் கூட்டு நிறுவனமாக மாற்றச் சொல்வார்கள். நல்ல யோசனைதான். பான், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு எல்லாம் நிறுவனத்தின் பெயருக்கு வந்துவிடும். ஆனால் இரண்டே பேர் என்றால், ஒருவர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். ஒரு ஆள் மட்டும் கூட்டு ஆக முடியாதே. மூன்று பேராகப் போடுங்கள், ஒருவர் இறந்தால் மற்றவர்கள் தொடரலாம் என்ற வரியைப் பத்திரத்தில் மறக்காமல் சேருங்கள். நாங்கள் இப்போது அம்மா, தம்பி, நான்.

சரி, வக்கீல். நாமினி, வாரிசுச் சான்றிதழ் இவற்றுக்குத் தேவையில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணைக்குக் காத்திருந்தால் போதும். பங்குதாரர் பத்திரத்துக்கும் உயிலுக்கும் வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை, குறிப்பாக அத்தை, சித்தப்பா வகை உறவுகள் இருந்தால். வசதி இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, சட்ட உதவித் தொலைபேசி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. விடுதலைப் பத்திர விஷயத்தில் அம்மா பெயரில் மனு கொடுத்து அங்கேதான் ஆலோசனை கேட்டோம்.

உங்கள் அப்பாவிடம் உயில் என்ற சொல்லோடு ஆரம்பிக்க வேண்டாம். “செக் திரும்பினா சப்ளையர் நம்மை என்ன நினைப்பார்?” என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரருக்கு அது சுருக்கென்று தைக்கும். அம்மா இப்போது தன் உயிலை எழுதிப் பதிவும் செய்துவிட்டார். அவரை நாங்கள் இப்படித்தான் சார்பதிவாளர் அலுவலகம் வரை நடத்திப் போனோம்.