மெஷின் கேள்வி பதில்: ரீடிங் நார்மல், ஆனா பேரிங் போயிடுச்சு!

கேள்வி: பம்ப் மோட்டார் ஒண்ணுல மாசாமாசம் வைப்ரேஷன் மீட்டர் வச்சு ரீடிங் எடுத்து ரெஜிஸ்டர்ல எழுதிட்டு வர்றோம். எப்பவும் செகண்டுக்கு 2 மில்லிமீட்டர் பக்கம்தான் காட்டும். போன வாரம் திடீர்னு பேரிங் ஜாம் ஆகி ஷாஃப்டும் சேர்ந்து போச்சு. அப்புறம் எதுக்கு சார் இந்த ரீடிங்னு பசங்க கேக்கறாங்க, என்ன பதில் சொல்றது?

பதில்: பசங்க கேக்கறதுல நியாயம் இருக்கு. ஆனா தப்பு ரீடிங் எடுக்கறதுல இல்ல, அந்த ஒரே ஒரு நம்பரை மட்டும் நம்பினதுலதான் இருக்கு. உங்க மீட்டர் காட்டற ஓவரால் வெலாசிட்டி பொதுவா 10ல இருந்து 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கற மொத்த அதிர்வையும் ஒண்ணா சேர்த்து ஒரே எண்ணா குடுக்குது. அன்பேலன்ஸ் (எடை ஒரு பக்கம் கூடிப்போறது), மிஸ்அலைன்மென்ட் (ரெண்டு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டுல இல்லாதது), லூசான பவுண்டேஷன் போல்ட் இதெல்லாம் அதுல நல்லா தெரியும். பேரிங் ரேஸ்ல, அதாவது பால் உருளற வளையத்துல, சின்னதா ஒரு குழி விழுந்தா அதோட சக்தி ரொம்ப கம்மி, மத்த அதிர்வுக்குள்ள அப்படியே அமுங்கிடும், அது வெலாசிட்டில தெரியற அளவுக்கு வளர்ந்திருச்சுன்னா நமக்கு டைம் கொஞ்சம்தான் மிச்சம்னு அர்த்தம்.

ஒரு கணக்கு போட்டு பாப்போம். 6205ங்கற மாடல் பேரிங்னு வச்சுக்கோங்க, உள்ள 9 பால். மோட்டார் 1480 ஆர்பிஎம், அதாவது செகண்டுக்கு 24.7 சுத்து. அவுட்டர் ரேஸ்ல குழி இருந்தா ஒரு சுத்துக்கு சுமார் 3.58 தடவை பால் அது மேல ஏறி இறங்கும், அப்போ செகண்டுக்கு 88 தட்டு. இன்னர் ரேஸ்ல இருந்தா சுத்துக்கு 5.42, அதாவது 134 ஹெர்ட்ஸ் கிட்ட. கேட்லாக் கையில இல்லன்னா பால் எண்ணிக்கையை 0.4ஆல பெருக்கினா அவுட்டர், 0.6ஆல பெருக்கினா இன்னர், ஓரளவுக்கு சரியா வந்துடும். இங்க கவனிக்க வேண்டியது, 3.58ங்கறது முழு எண் இல்ல. அன்பேலன்ஸ், அலைன்மென்ட், இம்பெல்லர் வேன் எல்லாமே ஷாஃப்ட் ஸ்பீடோட 1, 2, 5னு முழு மடங்குலதான் வரும், அதனால அனலைசர் காட்டற ஸ்பெக்ட்ரம்ல (எந்த ஃப்ரீக்வென்சில எவ்வளவு அதிர்வுன்னு காட்டற படம்) நடுவுல ஒட்டாம தனியா ஒரு பீக் நின்னா முதல் சந்தேகம் பேரிங் மேலதான் வரணும்.

ஆரம்ப நிலையில அந்த 88 ஹெர்ட்ஸ் பீக்கும் நேரடி ஸ்பெக்ட்ரம்ல சரியா தெரியாது. ஒவ்வொரு தட்டுக்கும் ஹவுசிங் சில ஆயிரம் ஹெர்ட்ஸ்ல கிண்ணுனு அதிரும், அனலைசர்ல என்வலப்னு ஒரு செட்டிங் இருக்கே, அது கீழ் ஃப்ரீக்வென்சிய எல்லாம் வடிகட்டிட்டு அந்த கிண்ணு எத்தனை தடவை வருதுன்னு மட்டும் பார்க்கும், அங்க 88 பளிச்சுனு வந்து நிக்கும், பல நேரம் பேரிங் ஜாம் ஆகறதுக்கு வாரக்கணக்குல, ஏன் மாசக்கணக்குல முன்னாடியே. இன்னொண்ணையும் பசங்ககிட்ட அழுத்தி சொல்லுங்க: பேரிங் கடைசி கட்டத்துக்கு போறப்போ தனித்தனி பீக் எல்லாம் கலைஞ்சு ஸ்பெக்ட்ரத்தோட அடிமட்டமே மொத்தமா மேல ஏறிடும், ஹை ஃப்ரீக்வென்சி ரீடிங் குறையவும் கூட செய்யும். கிரீஸ் அடிச்சதும் குறைஞ்சுடுச்சு, சரியாயிடுச்சுன்னு விட்டுட்டு போறவங்க நிறைய பேர், அப்படி குறைஞ்சா சில நாள் கழிச்சு மறுபடியும் எடுத்து பார்க்காம நிம்மதியாகாதீங்க.

புது பேரிங் போடறப்போ பழசை தூக்கி போட்டுடாதீங்க, வெட்டி பாருங்க. ரேஸ்ல தேய்மானம் எந்த பக்கம் விழுந்திருக்கு, அலைன்மென்ட் காரணமா, கிரீஸ் காரணமானு அதுலயே தெரியும். விஎஃப்டில (மோட்டார் ஸ்பீடை மாத்தற எலக்ட்ரானிக் டிரைவ்) ஓடற மோட்டாரா இருந்து ரேஸ்ல படிப்படியா குறுக்குக் கோடு இருந்தா ஷாஃப்ட் வழியா கரண்ட் பாயுதுன்னு அர்த்தம், எத்தனை பேரிங் மாத்தினாலும் அது நிக்காது, எர்த்திங் ரிங் இல்லன்னா இன்சுலேட்டட் பேரிங்னு போகணும்.

கேள்வி: வைப்ரேஷன் செகண்டுக்கு 4.5 மில்லிமீட்டர் தாண்டினா மெஷினை நிறுத்தணும்னு ஒருத்தர் சொல்றார், 7.1 வரைக்கும் ஓட்டலாம்னு இன்னொருத்தர். எது சரி?

பதில்: மெஷின் சைஸ் தெரியாம ரெண்டுமே சரின்னும் சொல்ல முடியாது, தப்புன்னும் சொல்ல முடியாது. ஐஎஸ்ஓ 10816ங்கற ஸ்டாண்டர்ட் சார்ட்ல ஏ, பி, சி, டின்னு நாலு ஜோன், ஏ நல்லது, டி ஆபத்து. அதுல 15 கிலோவாட் வரைக்கும் உள்ள சின்ன மோட்டாருக்கு 4.5 தாண்டினா ஆபத்து ஜோன், 15ல இருந்து 75 கிலோவாட் வரைக்கும் உள்ளதுக்கு அந்த எல்லை 7.1. இப்போ அந்த வரிசையை 20816ன்னு மாத்திட்டு வர்றாங்க. ஆனா அந்த ஸ்டாண்டர்டே ரெண்டாவதா ஒரு விதி சொல்லுது, அதைத்தான் யாரும் படிக்கறதில்ல: ரீடிங் எந்த ஜோன்ல இருந்தாலும் சரி, பி ஜோன் மேல் எல்லையோட 25 சதவீத அளவுக்கு மாறிடுச்சுன்னா அதை முக்கியமான மாற்றமா எடுத்துக்கணும். அந்த நடு சைஸ் மோட்டாருக்கு பி எல்லை 2.8, அப்போ 0.7 ஏறினாலே என்னன்னு பார்க்கணும். வருஷக்கணக்கா 4ல நிம்மதியா ஓடற மெஷினை விட 1ல இருந்து 2க்கு தாவின மெஷின்தான் எனக்கு கவலை.

கேள்வி: ஒரே மோட்டார்ல நான் எடுத்தா ஒரு ரீடிங், அடுத்த ஷிஃப்ட்காரர் எடுத்தா வேற ரீடிங். மீட்டர் ரிப்பேரா?

பதில்: பெரும்பாலும் இல்லங்க. கையால குத்தி பிடிக்கற ப்ரோப்ல ஹை ஃப்ரீக்வென்சி ஒழுங்கா வராது, மேக்னெட் அதை விட பெட்டர், ஸ்டட் (திருகு ஆணி) போட்டு முறுக்கினா எல்லாத்தையும் விட நல்லது. ஃபேன் கவர் தகடு மேல வைக்காதீங்க, பேரிங் ஹவுசிங் மேல, கெட்டியான இடத்துல, பெயின்ட்டை சுரண்டிட்டு ஒரு வட்டம் போட்டு வச்சுடுங்க, எல்லாரும் அதே வட்டத்துல வைக்கட்டும். கூடவே அப்போ லோடு என்ன, ஸ்பீடு என்னன்னு எழுதணும். வால்வ் பாதி மூடியிருந்தப்போ எடுத்ததையும் முழுசா திறந்து எடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ட்ரெண்ட் போட்டா அது ட்ரெண்டே இல்ல.

கேள்வி: 2980 ஆர்பிஎம் மோட்டார், 50 ஹெர்ட்ஸ் சப்ளை. 100 ஹெர்ட்ஸ்ல பெரிய பீக் நிக்குது. மெக்கானிக்கல் டீம் எலக்ட்ரிக்கல்னு கை காட்டுது, எலக்ட்ரிக்கல் டீம் அலைன்மென்ட்னு சொல்லுது. யாரை நம்பறது?

பதில்: ரெண்டு பேரும் ஒரே பீக்கைத்தான் பார்க்கறாங்கன்னு உறுதியா தெரியுமா? ஷாஃப்ட் ஸ்பீடு 49.67, அதோட ரெண்டு மடங்கு 99.33, இது அலைன்மென்ட்டோட இடம். சப்ளையோட ரெண்டு மடங்கு சரியா 100, இது ஸ்டேட்டர் (மோட்டார்ல சுத்தாம நிக்கற பகுதி), ஏர் கேப் (அதுக்கும் சுத்தற ரோட்டருக்கும் நடுவுல உள்ள இடைவெளி) சமாச்சாரம். நடுவுல இடைவெளி 0.67 ஹெர்ட்ஸ்தான். நீங்க 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் 400 லைன்ல, அதாவது ஸ்பெக்ட்ரத்தை 400 துண்டா பிரிச்சு, எடுத்திருந்தா ஒரு லைனுக்கு 2.5 ஹெர்ட்ஸ், அதுல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், சண்டை தீரவே தீராது. 6400 லைன் வச்சு எடுங்க, ஒரு தடவை எடுக்க 6.4 செகண்ட் ஆகும், அவ்வளவுதான் செலவு. அந்த வசதி இல்லன்னா மீட்டரை பார்த்துக்கிட்டே சப்ளையை கட் பண்ணுங்க: அந்த நொடியே பொத்துனு விழுந்தா எலக்ட்ரிக்கல், ஸ்பீடோட சேர்ந்து மெதுவா இறங்கினா மெக்கானிக்கல். எலக்ட்ரிக்கல்னே வந்தாலும் மோட்டார் கால் போல்ட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணி பாருங்க, ஒரு கால் தரையில சரியா உக்காராம ஃப்ரேம் முறுக்கிக்கிட்டு ஏர் கேப் மாறினாலும் இதே 100 வரும், காலுக்கு அடியில சரியான ஷிம் (மெல்லிய தகடு) வச்சா முடிஞ்சுது.

கேள்வி: ஃபேன் ரெண்டு தடவை பேலன்ஸ் பண்ணியாச்சு, ஒரு வாரத்துல மறுபடியும் ஆடுது.

பதில்: முதல்ல பிளேடை கழுவினீங்களா? ஒட்டியிருக்கற தூசியோட சேர்த்து பேலன்ஸ் பண்ணினா தூசி ஒரு துண்டு உதிர்ந்ததும் எல்லாம் போச்சு. சுத்தமா இருந்தும் ஆடுதுன்னா ரெசொனன்ஸ், அதாவது ஸ்டாண்டோட இயல்பான அதிர்வும் ஃபேன் ஸ்பீடும் ஒண்ணா சேர்றது, அதை சந்தேகப்படுங்க. மெஷினை நிறுத்தி, சென்சார் வச்சு, ரப்பர் ஹேமரால ஸ்டாண்டை தட்டி பாருங்க, அது தானா அதிரற ஃப்ரீக்வென்சி ஃபேன் ஸ்பீடுக்கு பக்கத்துல வந்தா வெயிட் வெல்டு பண்ணி பிரயோஜனம் இல்ல, ஸ்டாண்டைத்தான் கெட்டியாக்கணும், இல்ல ஸ்பீடை மாத்தணும்.

கேள்வி: போன்ல இருக்கற சென்சாரை வச்சே பார்க்க முடியாதா?

பதில்: அன்பேலன்ஸ் மாதிரி கீழ் ஃப்ரீக்வென்சி ஆட்டத்தை உணரலாம், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. எந்த ஃப்ரீக்வென்சி வேணுமோ அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல சாம்ப்ளிங் (செகண்டுக்கு எத்தனை தடவை அளவு எடுக்குதுங்கறது) வேணும், பேரிங்கோட அந்த கிண்ணு ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ்ல இருக்கு, போன் சென்சார் செகண்டுக்கு சில நூறு சாம்பிள்தான் எடுக்கும்.

கேள்வி: 12 ஆர்பிஎம்ல சுத்தற பெரிய பேரிங் ஒண்ணு இருக்கு. அதுக்கும் இதே முறைதானா?

பதில்: அதே சார்ட்டை அங்க கொண்டு போகாதீங்க. ஒரு சுத்துக்கே 5 செகண்ட் ஆகுது, செகண்ட் கணக்குல எடுக்கற ரீடிங்ல குழி மேல பால் ஒரு தடவை கூட ஏறாம போகலாம், வெலாசிட்டி நம்பரும் கிட்டத்தட்ட பூஜ்யமாத்தான் இருக்கும். குறைஞ்சது பத்து சுத்தாவது கிடைக்கற மாதிரி ஒரு நிமிஷம் தொடர்ந்து ரெக்கார்டு பண்ணி, டைம் வேவ்ஃபார்ம்ல (நேரத்தோட அதிர்வு மாறறதை காட்டற படம்) சம இடைவெளியில தட்டு வருதான்னு பாருங்க. கூடவே கிரீஸ் சாம்பிள் எடுத்து இரும்புத் துகள் டெஸ்ட்டுக்கு அனுப்புங்க, இவ்வளவு மெதுவா சுத்தற பேரிங்ல அதிர்வுக்கு முன்னாடி கிரீஸ் உண்மையை சொல்லிடறது உண்டு.