மலிவான 9 எம்.எம். தோட்டா: பையில் விற்பதை வாங்கலாமா?

கேள்வி: டெக்சஸில் பிளேனோவில் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்த பிறகு கிளாக் 19 கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினேன். மாதம் இரண்டு முறை ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் கூடத்துக்குப் போய், போகும்போதெல்லாம் நூறு நூற்றைம்பது தோட்டா சுடுகிறேன். ரேஞ்ச் கடையிலேயே வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. துப்பாக்கிக் கண்காட்சியில் ஆயிரம் தோட்டாவைப் பையில் கட்டிக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள் என்று நண்பர் சொல்கிறார். வாங்கலாமா? 115, 124, 147 என்று போட்டிருப்பதில் எது நல்லது? எச்-1பி விசாவில் இருக்கும் என் மைத்துனரும் வந்து பழக ஆசைப்படுகிறார். இருவரும் பாதிப் பாதி போட்டு மொத்தமாக வாங்கினால் இன்னும் மலிவாகுமா?

பதில்: அந்தப் பையை வாங்க வேண்டாம். மைத்துனரோடு பங்கு போட்டும் வாங்க வேண்டாம். இரண்டுக்கும் காரணம் உண்டு, சொல்கிறேன். முதலில் எதை வாங்குவது என்று பார்த்துவிடலாம், அது சுலபமான விஷயம்.

பெட்டியின் மேல் "9 எம்.எம். லூகர்" அல்லது "9×19" என்று இருக்க வேண்டும். 115 கிரெய்ன். எஃப்.எம்.ஜே., அதாவது ஈயக் குண்டைச் செம்புத் தகட்டால் போர்த்தியது. பித்தளைக் கூடு, அதாவது குண்டையும் மருந்தையும் பிடித்திருக்கும் உறை. தொழிற்சாலையில் புதிதாகச் செய்தது. காகித இலக்கைச் சுட்டுப் பழகுகிறவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

கிரெய்ன் என்பது குண்டின் எடை. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு, 115 கிரெய்ன் ஏழரை கிராமுக்குச் சற்றே குறைவு. இதை வெடிமருந்தின் அளவு என்று நினைத்துக்கொண்டு, "147 வாங்கினால் வேகமாகப் போகும்" என்று கூடுதல் காசு கொடுப்பவர்கள் பலர். நடப்பது நேர்மாறு. குண்டு கனக்கக் கனக்க வேகம் குறையும். ஏழு கெஜத்திலோ பத்து கெஜத்திலோ நீங்கள் சுடும் காகிதத்தில் 115க்கும் 147க்கும் வித்தியாசம் தெரியாது. பொதுவாக 115தான் மலிவு, அதையே வாங்குங்கள். "பிளஸ் பி" என்று எழுதியிருந்தால் அழுத்தம் கூடிய தோட்டா. பழகுவதற்கு அது வேண்டாம். விலையும் கூடுதல், சுடும்போது கையில் வரும் உதையும் கூடுதல்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். "380 ஆட்டோ" என்று ஒரு தோட்டா உண்டு. சில பெட்டிகளில் அதையே "9 எம்.எம். குர்ஸ்" என்று போட்டிருப்பார்கள். பக்கத்து அலமாரியில்தான் இருக்கும், பெட்டியும் ஒரே மாதிரி தெரியும். அது உங்கள் கிளாக்குக்கு ஆகாது. 9 என்ற எண்ணைப் பார்த்ததும் எடுத்துவிடாமல் முழுப் பெயரையும் படித்துவிட்டு எடுங்கள்.

பிராண்டுக்காக மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம். பிளேசர் பிராஸ், ஃபெடரல், ஸ்பீர், ரெமிங்டன் எல்லாம் ஒரே முதலாளியின் சரக்கு. விஸ்டா அவுட்டோர் கையில் இருந்தவற்றை 2024இல் செக் நாட்டு சி.எஸ்.ஜி. குழுமம் வாங்கிவிட்டது. மேக்டெக் பிரேசிலின் சி.பி.சி.யைச் சேர்ந்தது. 1825இல் தொடங்கிய செல்லியர் அண்ட் பெல்லட்டும் முன்பு அவர்களிடம்தான் இருந்தது, 2024இல் கோல்ட் சி.இசட். குழுமத்தின் கைக்குப் போனது. பி.எம்.சி. கொரியச் சரக்கு. வின்செஸ்டர் வெள்ளைப் பெட்டியும் நல்லதே. இவற்றில் அன்றைக்கு எது மலிவோ அதை எடுக்கலாம்.

மலிவு எது என்பதைப் பெட்டி விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு தோட்டாவுக்கு எத்தனை சென்ட் என்று வகுத்துப் பாருங்கள், வரியும் அனுப்பும் கூலியும் சேர்த்து. கடையில் ஐம்பது தோட்டா 13 டாலர் என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஊரின் 8.25 சதவீத விற்பனை வரி சேர்ந்து ஒன்று 28 சென்ட் ஆகிறது. இணையத்தில் ஆயிரம் 220 டாலர், அனுப்பும் கூலி 25 என்றால் வரியோடு 26 சென்ட்டுக்குச் சற்று மேல். வித்தியாசம் இரண்டு சென்ட்கூட இல்லை. ஆயிரத்துக்கு இருபது டாலருக்குள் மிச்சம், அவ்வளவே. ஆயிரம் தோட்டா ஏறக்குறைய பன்னிரண்டு கிலோ எடை. அரசுத் தபாலில் தோட்டா அனுப்ப அனுமதியில்லை, தனியார் கூரியரில்தான் வரும். கூலியை எடைக்கு ஏற்றபடி போடுவார்கள். விளம்பரத்தில் 19 சென்ட் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் கூலியாக 60 டாலரைக் காட்டும் தளங்களும் உண்டு. அந்தக் கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்க்காமல் விலையை நம்பாதீர்கள்.

அங்கே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 2020இல் தொடங்கிய தட்டுப்பாட்டில் 20 சென்ட் தோட்டா, 2021 தொடக்கத்தில் 70 சென்ட்டைத் தாண்டியது. வேண்டியவரும் வேண்டாதவரும் வாங்கிக் குவித்தார்கள். புதிதாகத் துப்பாக்கி வாங்கியவருக்குப் பழக ஒரு பெட்டிகூட அகப்படவில்லை. அந்த நேரத்தில் போலித் தளங்கள் காளான் மாதிரி முளைத்தன, இன்னும் முழுதாக ஒழியவில்லை. படம் அசல் கடையினுடையது, விலை மட்டும் பாதியாக இருக்கும். பணம் கொடுக்கும் பக்கத்தில் கிரெடிட் கார்டு வாங்க மாட்டார்கள். ஸெல் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை) அல்லது கிரிப்டோ என்பார்கள். அங்கேயே மூடிவிடுங்கள். அப்படிப் போன பணம் திரும்புவது மிக அரிது.

சரி, அந்தப் பைக்கு வருவோம்.

கண்காட்சி மேசையில் கனத்த பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருப்பது பெரும்பாலும் மறுபடி நிரப்பிய தோட்டா. சுட்டு விழுந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, கழுவி, புதுப் பிரைமரும் (அடியில் தட்டியதும் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மருந்தும் குண்டும் வைத்து இறுக்கியது. தன் துப்பாக்கிக்குத் தானே செய்துகொள்வதில் தவறில்லை, பலர் அக்கறையாகச் செய்கிறார்கள். ஆனால் விற்பதற்காகத் தோட்டா செய்ய மத்திய அரசின் உற்பத்தி உரிமம் வேண்டும். விற்க மட்டும் ஒன்றும் வேண்டாம். தோட்டா மட்டும் விற்பவர் உரிமம் எடுக்க வேண்டியதில்லை என்று 1986இல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். அதன் பலன், இன்றைக்கு டெக்சஸில் யார் வேண்டுமானாலும் ஒரு மேசை போட்டுத் தோட்டா விற்கலாம். அதை யார் செய்தது, எங்கே செய்தது என்று கேட்பதற்கு ஆளில்லை. இட்லிக் கடைக்குச் சுகாதாரச் சோதனை உண்டு, முகத்துக்கு ஓரடி முன்னால் வெடிக்கிற பொருளுக்கு இல்லை. இதை மாற்ற வேண்டியவர்கள் மாற்றவில்லை. நாம்தான் நம்மைக் காத்துக்கொள்ள வேண்டும்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் அப்படியொரு பையைக் கொண்டுவந்தார். மேசையில் துணி விரித்துக் கொட்டிப் பார்த்தோம். கூட்டின் அடியில் வட்டமாகப் பொறித்திருக்கும் எழுத்து ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது, ஐந்தாறு கம்பெனிக் கூடுகள் கலந்து கிடந்தன. ஒன்றில் பிரைமர் சாய்ந்து உட்கார்ந்து, விரலால் தடவினால் மேடு தட்டியது. இன்னொன்றில் குண்டு மற்றவற்றைவிட ஆழமாக உள்ளே போயிருந்தது. குண்டு அப்படி அமுங்கினால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவு. உள்ளே மருந்து எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பையில் கம்பெனிப் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை.

மருந்து தப்பினால் நடப்பது இரண்டு விதம். 9 எம்.எம். கூட்டில் சில வகை மருந்து இரட்டை அளவுகூடப் பிடித்துவிடும். அப்படி ஒன்று வந்தால் துப்பாக்கி கையிலேயே சிதறலாம். மருந்தே விழாமல் போவது அடுத்தது, இதுதான் ஆளை ஏமாற்றும். பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் பாதி வழிக்குத் தள்ளிவிட்டு நின்றுவிடும். "டமார்" என்று கேட்க வேண்டிய இடத்தில் "பொட்" என்று ஒரு சத்தம், கையில் உதையே தெரியாது. புதியவர் ஏதோ சிக்கல் என்று துப்பாக்கியின் நகரும் மேல்பாகமான ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுடுவார். முன்னால் ஒரு குண்டு அடைத்து நிற்க, பின்னாலேயே இன்னொன்று போய் மோதும். குழல் உப்பும், அல்லது பிளக்கும்.

எந்தத் தோட்டாவாக இருந்தாலும் இதை மனதில் வையுங்கள்: சத்தம் மாறினால் சுடுவதை நிறுத்துங்கள். குழல்வாய் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், ரேஞ்ச் ஊழியரைக் கூப்பிடுங்கள். விசையை அழுத்தியும் ஒன்றுமே வெடிக்கவில்லை என்றால் அப்படியே முப்பது விநாடி பிடித்திருந்துவிட்டுப் பிறகு தோட்டாவை வெளியே எடுங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு.

உரிமத்தோடு ஒழுங்காக மறுநிரப்புகிற நிறுவனங்களும் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கட்டும். சில சென்ட் மிச்சத்துக்காக எது ஒழுங்கு, எது இல்லை என்று ஆராயும் வேலை புதியவருக்கு வேண்டாம். பிஸ்டலோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பாருங்கள்; மறுநிரப்பிய தோட்டாவைப் போட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

எஃகுக் கூட்டுத் தோட்டா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் ரஷ்யச் சரக்குதான் எல்லாவற்றிலும் மலிவு. 2021 செப்டம்பர் 7 முதல் புதிய இறக்குமதி அனுமதியை நிறுத்தியதால் அந்த மலிவும் போய்விட்டது. தவிர, பல உள்ளரங்க ரேஞ்சுகள் வாசலிலேயே காந்தம் வைத்துப் பார்க்கும். கூடு பித்தளையாக இருந்து குண்டில் காந்தம் ஒட்டினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் அது பின்சுவரில் பொறி கிளப்பும், தகட்டைக் கெடுக்கும். மொத்தமாக வாங்குவதற்கு முன் உங்கள் ரேஞ்சில் எதெல்லாம் அனுமதி என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அலுமினியக் கூடு அனுமதியா என்பதையும் கேளுங்கள்.

இனி மைத்துனர் விஷயம். இதை நிதானமாகப் படியுங்கள். நம்மவர்கள் தெரியாமலே மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டத்தின் 922ஆம் பிரிவின்படி குற்றம். வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்கிப் பூட்டி வைப்பது மட்டுமல்ல. ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியை ஐந்து நிமிடம் கையில் பிடிப்பதும் அதில் சேரும். அவர் பங்குக்கு ஐந்நூறு தோட்டாவை அவர் வீட்டுக் கராஜில் வைத்தாலும் சேரும். தெரிந்தே கொடுத்தால் கொடுத்தவர்மேலும் குற்றம், அதாவது உங்கள்மேலும். டெக்சஸ் 2021இல் உரிமமில்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துப்போக அனுமதித்ததை வைத்து, "இங்கே எல்லாம் ஃப்ரீ" என்று அலுவலக நண்பர்கள் சொல்வார்கள். மாநிலம் தளர்த்தியதால் மத்தியச் சட்டம் தளராது. 2022 முதல் இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டுவரை சிறை. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவருக்கு நாடுகடத்தலும் வரலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு: வேட்டை உரிமம். அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அவர் சுடலாம். அது வேட்டை உரிமமாகத்தான் இருக்க வேண்டும். மீன்பிடி உரிமம் மட்டும் இருந்தால் செல்லாது. உரிமம் அவர் பெயரில் இருக்க வேண்டும், உங்களிடம் இருப்பது அவருக்கு உதவாது. டெக்சஸில் வருடாந்திர வேட்டை உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். ஜூலையில் வாங்கிவிட்டு "ஒரு வருஷம் இருக்கிறது" என்று செப்டம்பரில் ரேஞ்சுக்குப் போனால், போகிற அன்றைக்கு அவருக்கு உரிமமே இல்லை. மானைக் கண்ணால் பார்க்கப் போகாத ஒரு மென்பொருள் பொறியாளர், காகிதத்தைச் சுடுவதற்கு வேட்டை உரிமம் வாங்க வேண்டியிருக்கிறது. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இதை எத்தனை ரேஞ்சுகள் வாசலில் எழுதி வைத்திருக்கின்றன? பொறுப்பு விலக்குப் படிவத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். மைத்துனர் முதலில் உரிமம் எடுக்கட்டும், தன் குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேட்கட்டும். அதுவரை உங்கள் வீட்டுத் தோட்டாவும் துப்பாக்கியும் அவர் கைக்கு எட்டாமல் பூட்டியிருக்கட்டும்.

செலவைக் குறைக்க நிஜமான வழி தோட்டா இல்லாமல் பழகுவது. துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் பின்னால் தோட்டா உட்காரும் இடத்தைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டா அத்தனையையும் வேறு அறையில் வைத்துவிட்டு, குண்டு துளைக்காத சுவர்ப் பக்கம் பார்த்து விசையை மெதுவாக அழுத்திப் பழகுங்கள். குறிபார்க்கத் துப்பாக்கியின் முன்முனையில் இருக்கும் முன்குறி அசையக் கூடாது. உங்கள் கிளாக்குக்கு இதனால் கேடு வராது. வேண்டுமானால் பொம்மைத் தோட்டா சில டாலருக்குக் கிடைக்கும். தினம் பத்து நிமிடம் இதைச் செய்தால், ரேஞ்சில் நூற்றைம்பதுக்குப் பதில் எழுபது போதும்.

அப்புறம், ரேஞ்சிலிருந்து கிளம்பும்போது கையையும் முகத்தையும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிரைமர் புகையிலும் குண்டின் அடியிலும் ஈயம் உண்டு. கழுவுவதற்கு முன் எதையும் சாப்பிடாதீர்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், போட்டிருந்த சட்டையோடு தூக்காமல் மாற்றிவிட்டுத் தூக்குங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

இப்போதைக்கு ஆயிரம் வாங்காதீர்கள். இரண்டு மூன்று பிராண்டில் ஐம்பது ஐம்பதாக வாங்கி, உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுவது எது என்று பாருங்கள். எது ஓடுகிறதோ அதில் ஐந்நூறு அல்லது ஆயிரத்துப் பெட்டி எடுத்து, கராஜ் வெக்கையில் போடாமல் வீட்டுக்குள் ஈரமில்லாத அலமாரியில், அது வந்த பெட்டியிலேயே பூட்டி வையுங்கள். பெட்டியில் இருக்கும் லாட் எண்ணை, அதாவது எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் எண்ணைக் கிழித்து எறியாதீர்கள். கம்பெனி அந்த லாட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தால் அந்த எண்ணைக் கேட்பார்கள்.