ஜிம் உடம்பு இருந்தும் கபடி டீமில் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்?

ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறீர்கள், உடம்பு ஏறியிருக்கிறது, ஆனாலும் காலேஜ் டீமில் சேர்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கோச் மேல் கோபம் இருக்கும். எனக்கும் இருந்தது.

ஜிம்மே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ‘புரோ கபடி ஆட்கள் வெயிட் தூக்கவில்லையா’ என்று சண்டைக்குக் கிளம்புகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

2012 பொங்கல். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, கூடவே இரண்டு வருட ஜிம். படுத்துக்கொண்டு 90 கிலோ தள்ளுவேன். ஊர் மேட்சில் முதல் ரைடே, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போவது, நான்தான் போவேன் என்று அடம்பிடித்துப் போனேன். பாடிப் போகிறவன் தாண்ட வேண்டிய கோடு பாக் லைன், நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர். அதைத் தாண்டி, இன்னும் ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினேன். பின்காலைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டி முன்காலை வைத்தால் கூடுதலாக ஒரு பாயிண்ட். இடது கார்னரில் வாழைக்காய் மண்டிக்காரர் பையன், பதினொன்றாவது படிக்கிறவன், ஐம்பது கிலோ தேறமாட்டான். அவன் என் கையையும் பார்க்கவில்லை, நெஞ்சையும் பார்க்கவில்லை. கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பாரம் முன்காலுக்கு வந்த நொடியில் கணுக்கால் அவன் கையில். இழுக்கிறேன், இழுக்கிறேன், ஊன்றுவதற்கு இன்னொரு கால் தரையில் இருந்தால்தானே! வாயில் மண், மூச்சும் போச்சு. ஊரே கைதட்டியது, அவனுக்கு.

பழைய ஆட்டக்காரரான மாமா ஒருவர் அன்று ராத்திரி சொன்னார்: “மாப்ளே, நீ படுத்துக்கிட்டே பலம் ஏத்தியிருக்க. இது ஒத்தக் கால்ல ஆடுற ஆட்டம்.”

பிறகு உடற்கல்விப் புத்தகம் ஒன்றில் பார்த்தேன், அதையேதான் பிரித்து எழுதியிருந்தார்கள். பலம், தம், வளைந்து கொடுப்பது எல்லாம் உடல்நலத்துக்கான கணக்கு. விளையாட்டுக்கென்று தனியாக ஆறு: வேகம், வெடித்துக் கிளம்புவது, ஓடும்போதே திசை திருப்புவது, பேலன்ஸ், கண்ணும் கைகாலும் ஒத்துப்போவது, ரியாக்‌ஷன். என்னிடம் இந்த ஆறில் எதுவும் உருப்படியாக இல்லை.

மாமா சொன்னபடி பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் நின்றேன். பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு. ரூமில் ‘கொக்கு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். தோள் உயரத்திலிருந்து ஒருவன் டென்னிஸ் பந்தைப் போடுவான், நாலடி தள்ளி நிற்கும் நான் அது இரண்டாவது முறை தரையைத் தொடுவதற்குள் பிடிக்க வேண்டும். முதல் வாரம் பத்தில் இரண்டு மூன்றுதான்.

ஆனால் ரியாக்‌ஷன் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் நூறு மீட்டரை 9.58 நொடியில் ஓடினாரே, துப்பாக்கிச் சத்தத்துக்கு அவர் கால் கிளம்பியது 0.146 நொடியில். 0.1 நொடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம் என்று விதி. அங்கே மிச்சம் பிடிக்க இருப்பதே அவ்வளவுதான். கபடியில் துப்பாக்கி கிடையாது, எதிராளியின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று படித்துத்தான் கிளம்ப வேண்டும். அது ஆடி ஆடித்தான் வரும், கண்ணாடி முன் நின்றால் வராது.

அடுத்த பொங்கலுக்கு நாலு பாயிண்ட் எடுத்தேன். மூன்று முறை மாட்டவும் செய்தேன், மறைக்கவில்லை. ஃபைனலில் எங்கள் டீம்தான் ஜெயித்தது. நோட்டீஸில் முதல் பரிசு 10,001 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். மேடையில் கொடுத்த கவரில் 5,001. கேட்டால், “மைக் செட்டுக்கு ஜாஸ்தி ஆயிடுச்சு தம்பி, தை முடியட்டும்” என்றார் கமிட்டிக்காரர். எத்தனையோ தை முடிந்துவிட்டது. அதே ஆள் போன வருடமும் என் வீட்டுக்கு வந்து நன்கொடை ரசீது நீட்டினார், அதில் தொகையை அவரே எழுதியிருந்தார்.