வாசகர் கேள்வி – பதில்: தெஹ்ரானில் ஆர்மேனியக் கோடுகள்

கேள்வி: ஈரானின் தொடக்ககால அசைவுப்படங்களைப் (அனிமேஷன்) பற்றிப் படித்தபோது அராபிக் பாக்தசாரியன் என்ற பெயரைப் பார்த்தேன். இவர் யார்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ஈரானில் வாழ்ந்த ஆர்மேனியக் கிறிஸ்தவச் சமூகத்தைச் சேர்ந்த ஓவியர்; வரைகலைக் கலைஞர்; அந்நாட்டு அசைவுப்பட முன்னோடிகளில் ஒருவர். சிறுவர்களின் அறிவு வளர்ச்சிக்கென 1965-இல் தெஹ்ரானில் தொடங்கப்பட்ட, ‘கானூன்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பு, முதலில் நூலகங்களைத் திறந்தது. பிறகு படக்கதைப் புத்தகங்களை வெளியிட்டது. அதன் பின்னரே திரைப்படப் பிரிவை ஏற்படுத்தியது. அந்தப் பிரிவின் முதல் அறுவடையாக 1970-இல் வந்த படங்களில் இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் முதல் குறும்படமான ‘ரொட்டியும் சந்தும்’ இருக்கிறது. பாக்தசாரியனின் ‘பளு தூக்குபவர்’, ‘அகப்பட்டவன்’ ஆகிய அசைவுப்படங்களும் இருக்கின்றன. கியாரோஸ்தமியின் உலகப் புகழ் வளர வளர, அதே கூரையின் கீழ் அதே ஆண்டில் தொடங்கியவர்களின் பெயர்கள் அடிக்குறிப்புக்குப் போய்விட்டன. இதில் எனக்கு வருத்தமுண்டு.

கேள்வி: பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் படம் வரைந்துகொண்டிருந்தவர்கள் அசைவுப்படத்துக்கு எப்படி மாறினார்கள்? (அதே வாசகர்)

பதில்: திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகின்றன. ஒரே படத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும், பத்து நிமிடப் படத்துக்கு 7,200 படங்கள் வேண்டும். அக்காலத்தில் பரவலாக இருந்த முறைப்படி, ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளின் முன்புறம் மையால் கோட்டை இழுத்து, பின்புறம் வண்ணம் தீட்டி, தாள்கள் நகராதபடி துளைகளில் முளை பொருத்தி, ஒவ்வொன்றாகப் படம்பிடிக்க வேண்டும். இப்படிப்பட்ட வேலையில் அலங்காரம் மிகுந்த ஓவியம் நிற்காது. நாலைந்து கோடுகளில் ஓர் ஆளின் குணத்தையே கொண்டுவந்துவிடும் கேலிச்சித்திரக் கைதான் நிற்கும். ஆகவே அந்தக் கையுடையவர்கள் இத்துறைக்கு வந்தது இயல்பே. ஈரானிய எழுத்தாளர் சமத் பெஹ்ரங்கியின் ‘சிறிய கறுப்பு மீன்’ கதைக்கு 1968-இல் படம் வரைந்து பெயர் பெற்ற ஃபர்ஷித் மெஸ்காலியும் இதே கானூனில்தான் அசைவுப்படங்களை எடுத்தார்.

அரசியல் சூழலையும் மறக்கக் கூடாது. 1920-களிலிருந்து வந்துகொண்டிருந்த ‘தவ்ஃபீக்’ என்னும் நகைச்சுவை இதழ், இடையிடையே நின்றும் மீண்டும் எழுந்தும் நடந்து, 1971-இல் அரசின் நெருக்கடியால் நிரந்தரமாக மூடப்பட்டது. அமைச்சரைக் கேலி செய்ய வழியில்லாத நாட்டில், குழந்தைகளுக்கான படம் என்ற பெயரில் அதிகாரத்தின் வீம்பையும் மனிதனின் அகந்தையையும் பேச ஓரளவு இடம் கிடைத்தது என்பது என் கணிப்பு. அந்த இடத்தைத் தந்த கானூனே அன்றைய ஈரான் அரசி ஃபராவின் ஆதரவில் நடந்தது என்பதுதான் வேடிக்கை.

கேள்வி: ஈரானிய ஆர்மேனிய ஓவியர்களில் வேறு யாரை அறிந்துகொள்ள வேண்டும்? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: மார்க்கோஸ் கிரிகோரியனை. 1925-இல் ரஷ்யாவில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்துடன் ஈரானுக்கு வந்து, ரோம் நகரில் ஓவியம் பயின்று, 1954-இல் தெஹ்ரான் திரும்பி ஒரு கலைக்கூடம் திறந்தார். தேநீர்க் கடைச் சுவர்களுக்காகப் புராணப் போர்களையும் நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலா போர்க்களக் காட்சிகளையும் வரைந்து வயிறு வளர்த்த, படித்த வர்க்கம் ஏறெடுத்தும் பார்க்காத ஓவியர்களின் படங்களைத் தேடிச் சேகரித்துக் காட்சிக்கு வைத்தவர் அவர். 1958-இல் நடந்த முதல் தெஹ்ரான் ஈராண்டுக் கண்காட்சியின் அமைப்பாளரும் அவரே.

பின்னாளில் தூரிகையை ஒதுக்கிவிட்டு மண்ணை எடுத்தார். ஈரானியக் கிராமத்து வீடுகளின் சுவருக்கும் கூரைக்கும் பூசுகிற, வைக்கோல் கலந்த களிமண் குழைவைத் துணிப்பரப்பில் அப்பி, அது காய்ந்து தானாக வெடிக்கும்படி விட்டார். வெடிப்பின் கோடுகளே ஓவியத்தின் கோடுகளாயின. வறண்ட ஏரிப் படுகையை உச்சியிலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும் இவ்வரிசையில், 1963-ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. தாம் சேகரித்தவற்றை ஆர்மேனியாவுக்கு வழங்கிய அவர், 2007-இல் யெரெவானில் காலமானார்.

கேள்வி: முஸ்லிம் நாடான ஈரானுக்குள் ஆர்மேனியர் எப்படி வந்தனர்? நம் ஊருக்கு அவர்களோடு தொடர்புண்டா? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரானை ஆண்ட மன்னர் ஷா அப்பாஸ் தம் எல்லைப்புறத்து ஜுல்ஃபா நகர மக்களை வலுக்கட்டாயமாகப் பெயர்த்து, இஸ்ஃபஹான் அருகே புதிய ஜுல்ஃபாவில் குடியேற்றினார். அங்கிருந்த ஆர்மேனியத் துறவிகள் அச்சுப்பொறி, எழுத்து, மை, காகிதம் அனைத்தையும் தாங்களே செய்து, 1638-இல் பைபிளின் சங்கீதப் புத்தகத்தை அச்சிட்டனர். ஈரானில் அச்சான முதல் நூல் அதுதான்.

தொடர்பு உண்டு. உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் சென்னையில் வெளிவந்தது. அதை நடத்திய ஹாருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் ஈரானின் ஷிராஸ் நகரைச் சேர்ந்தவர். பாரிமுனையை அடுத்த அரண்மனைக்காரத் தெருவில் உள்ள ஆர்மேனியத் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறையைக் காணலாம்.